சோத்தாங்கை பக்கம்

இளவரசி லினக்ஸ் டெர்மினலில் மூன்றாவது முறையாகக் கட்டளையைத் தட்டியபோது, வாசல் பந்தல் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் 'உஸ்' என்றது. அவ்வளவுதான். லேப்டாப் திரையில் பாட்டு என்னமோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு நிமிடம் பதினோரு வினாடி, பன்னிரண்டு வினாடி. சத்தம் மட்டும் இல்லை.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் அப்பா கைலாசம் படுத்திருந்தார். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. மணி மூன்றேகால்.

பட்டுச்சேலை டிசைனுக்காகத் தறியில் மாட்டும் அட்டைகளில் மெஷினால் ஓட்டை குத்துகிறவர் கைலாசம். இளவரசிக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப், அவள் சென்னைக்கு வேலைக்குப் போனதும் அவர் கைக்கு வந்தது. அதிலிருந்த லினக்ஸை ஒரே மாதத்தில் நோண்டிப் பழகி, முந்நூற்றுச் சொச்சம் பாட்டு சேர்த்துவிட்டார். போன பொங்கலுக்குத்தான் சொன்னார்: "என்னைய எடுக்கறப்போ என் லிஸ்ட்டுதான் ஓடணும் கண்ணு. மைக் செட்டுக்காரன் போடற அழுவாச்சிப் பாட்டு வேணாம்." அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைக்கூடக் காப்பாற்றாவிட்டால் நான் என்ன பொண்ணு என்று மறுபடியும் கட்டளையைத் தட்டினாள்.

"இன்னாம்மா, ஆவுமா ஆவாதா?" என்று எட்டிப் பார்த்தார் மைக் செட் வேலாயுதம். "ஆவலன்னா சொல்லு. நம்ம செல்லுலயே சோகப் பாட்டு நெறைய இருக்குது."

"இருங்கண்ணா. ஒயர் சரியாத்தான இருக்குது?"

"ஒயர்லாம் பக்கா. செவப்பு ஒரு பின்னு, வெள்ள ஒரு பின்னு. நம்ம ஆம்ப்ளிபயருல ஓட்ட ஒண்ணுதான், வெள்ளயச் சொருவி வெச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் அப்டித்தான்."

வெள்ளை என்றால் இடது. இளவரசி லேப்டாப்பின் ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். மியூட் இல்லை. அவுட்புட்டும் சரி. அதற்குக் கீழே இருந்ததை அவள் இவ்வளவு நேரம் பார்க்கவே இல்லை. இடது பூஜ்யம், வலது நூறு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அப்பா போன் செய்திருந்தார். "எல்லா சத்தமும் சோத்தாங்கை பக்கமே வர்றாப்புல பண்ண முடியுமா கண்ணு?" மீட்டிங்குக்கு நடுவில் அவசரமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வைத்துவிட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் அம்மா தில்லையம்மாள். காலையிலிருந்து பெட்டிக்கு இடது பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா சத்தத்த ஒரே பக்கமா வெச்சிருக்காரும்மா. சோத்தாங்கை பக்கம்."

"அந்தக் காதுலதான ஹெட்போன மாட்டிக்குவாரு. பீச்சாங்கை பக்கம் ஒனக்குன்னு தொறந்து வெச்சிருக்கேன்னுவாரு. தொறந்து வெச்சி இன்னா பிரயோசனம்? அந்தப் பக்கமா நின்னுக்கினு பத்து தபா கூப்புடுவேன், திரும்ப மாட்டாரு. அவ்ளோ திமிரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து காலையிலகூட அதுக்குத்தான் சண்ட."

அப்பாவோடு ஒரே பட்டறையில் அட்டை குத்தும் பஞ்சாட்சரம், மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார்.

"பீச்சாங்கை பக்கக் காது அவருக்குக் கேக்காதே அண்ணி. முப்பது வருஷமா மெஷினு அந்தப் பக்கந்தான ஓடுது. கேக்காமப் போயி நாலு வருஷம் ஆச்சே. ஒங்கிட்ட சொல்லவே இல்லையா?"

தில்லையம்மாள் அவரையே பார்த்தாள்.

"சொன்னா அவ கத்திக் கத்திப் பேசுவா, தெருவுக்கே கேக்கும், வேணாம்யான்னாரு."

சுவரோரம் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இளவரசி திரையில் இடது-வலது கோட்டிலிருந்த புள்ளியை நடுவுக்கு இழுத்தாள். தவிலும் நாயனமுமாக ஒரு கும்மாளக் கல்யாணப் பாட்டு தெருவையே தூக்கியது. வேலாயுதம் கட்டைவிரலைக் காட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அன்றைக்கு ஏம்ப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தில்லையம்மாள் தரையில் கையூன்றி எழுந்தாள். பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். பெட்டியைக் கால் பக்கமாகச் சுற்றி, அவருடைய சோத்தாங்கை பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்டக் கொஞ்சம் கொறையேன்டி."

இளவரசி குறைத்தாள். அம்மா கண்ணாடியில் வாய் படுகிறாற்போல் குனிந்தாள்.

"ஏங்க," என்றாள். மெதுவாகத்தான்.