இரண்டாம் அகப்பை

டூஃபியின் கையிலிருந்து நாத்தனார் கொனாடு அகப்பையை வாங்கிக்கொண்ட திங்கட்கிழமை, சாப்பாட்டுக் கடையில் யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று டூஃபிக்குப் பட்டது.

கடை குமாசி நகரின் சுவாமே மெக்கானிக் பேட்டையில் இரண்டு பெயின்ட் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது. தகரக் கூரை, நீளமான இரண்டு பெஞ்சு, பின்னால் மரவள்ளியும் வாழைக்காயும் இடிக்கும் உரல். அப்படி இடித்து உருட்டிய ஃபுஃபு உருண்டை பாதி இறங்கும்போதே கிண்ணத்தில் இறைச்சிச் சாறு தீர்ந்துவிடும். கிண்ணத்தை நீட்டினால் இன்னொரு அகப்பை ஊற்ற வேண்டும், அதற்குக் காசு கிடையாது. குமாசியில் எந்தக் கடையிலும் அப்படித்தான். எவ்வளவு ஊற்றுவது என்பது மட்டும் கடைக்காரியின் இஷ்டம். டூஃபி முகம் பார்த்து ஊற்றுவாள். "மகாராணி, இந்தக் கைக்குத் தங்கக் காப்பு செஞ்சு போடணும்" என்பவனுக்கு அகப்பை நிறைய. அதைவிட நன்றாகப் பொய் சொல்பவனுக்கு ஓர் எலும்பும் சேர்ந்து விழும்.

ஜனவரியில் புருஷன் செத்தான். அதன் பிறகும் ஊற்றினாள். பொய்கள்தான் காதில் ஏறவில்லை.

இறைச்சி விலை ஏறிக்கொண்டே போனது. மாதாகோயில் கூடத்தில் சேமிப்புக் குழுப் பெண்களுக்கு வகுப்பெடுத்த அம்மாள், எதைப் பழக வேண்டும், எதை விட வேண்டும் என்று பலகையில் எழுதிப்போட்டுவிட்டு டூஃபியைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க கை ஊத்தினாத்தான் கடை ஓடும்னா அது கடையில்ல, வெறும் கை. கையில நாளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

கூடத்தில் சிரித்தார்கள். டூஃபி சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பக்கத்துத் தெருப் பேருந்துக் கம்பெனியின் பணிமனையில் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு போட ஆள் தேடினார்கள். அது கிடைத்தால்தான் இந்தக் கடை அடுத்த வருஷம் இருக்கும். கிடைத்தால் இரண்டு இடத்தில் ஒருத்தியே நிற்க முடியாது. அதனால்தான் புருஷனின் தங்கை கொனாடுவை அழைத்து அகப்பையைக் கொடுத்தாள். முதல் அகப்பை எல்லாருக்கும் ஒரே அளவு. இரண்டாவதற்குக் காசு, இரண்டு சிடி.

முதலில் கிண்ணம் நீட்டியவர் போவாச்சி மாமா. பேட்டையில் பெயின்ட் அடிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் தொழில் கற்றவர்கள். அவர் எந்தக் கடையில் உட்காருகிறாரோ அந்தக் கடையில் அவர்களும் உட்காருவார்கள்.

"மாமா, இதுக்கு ரெண்டு சிடி ஆகும்" என்றாள் கொனாடு.

"எந்த ஊர் வழக்கம் இது?"

"இந்தக் கடை வழக்கம்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க உக்காந்ததுலேர்ந்து."

பெஞ்சில் ஒருவன் தும்முவதுபோல் சிரித்தான். மாமா டூஃபியைப் பார்த்தார். அவள் தலை நிமிராமல் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாறில்லாமல் ஃபுஃபு தொண்டையில் இறங்காது. மாமா பாதி உருண்டையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினார். செவ்வாயும் வந்தார், பாதியை விட்டார். புதனும் அப்படியே. சின்னப் பசங்கள் முனகிக்கொண்டே காசு கொடுத்தார்கள். ஆனால் சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லார் கண்ணும் மாமாவின் கிண்ணத்தில்தான் இருந்தது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சாப்பாட்டுக் கடையின் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை பணிமனை மேலாளர் அம்பொன்சா சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மாமாவின் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். டூஃபிக்கு அவரைத் தெரியும், மதியச் சாப்பாட்டு விஷயமாகப் போய்ப் பேசியிருந்தாள். கொனாடுவுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று டூஃபி வாய் திறப்பதற்குள் அவர் கிண்ணம் காலியாகி, நீண்டுவிட்டது.

"ரெண்டு சிடி, ஐயா."

"சாறுக்கா?"

"சாறுக்குத்தான்."

"என்னம்மா, நான் யாருன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுட்டா சட்டியில சாறு ஊறுமா, ஐயா?"

அதற்குள் டூஃபியின் கை தானாகவே போய் உபரி அகப்பை ஒன்றை எடுத்துச் சட்டிக்குள் விட்டிருந்தது. நிறைய மொண்டுவிட்டது, எலும்போடு. போவாச்சி மாமா விழுங்குவதை நிறுத்திவிட்டு அந்த அகப்பையையே பார்த்தார். பெஞ்சு முழுக்கப் பார்த்தது. இவருக்குச் சும்மா ஊற்றினால் நாளைக்கு இந்த பெஞ்சில் ஈதான் உட்காரும். ஊற்றாவிட்டால் அறுபது பேர் சாப்பாடு போய்விடலாம். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கை மட்டும் கனத்தது.

மொண்டதைச் சட்டியிலேயே திருப்பிக் கொட்டினாள்.

"அவ சொல்றது சரிதான், ஐயா. ரெண்டு சிடி."

அம்பொன்சா சட்டைப்பையைத் துழாவிக் காசை வைத்தார். கொனாடு ஊற்றினாள். பிறகு போவாச்சி மாமா முழங்கையால் மறுபக்கம் இருந்தவனை இடித்தார். "டேய், ஒரு ரெண்டு சிடி குடு. மூணு நாளாப் பட்டினி கிடக்கேன்."

"ரோஷம் அவ்வளவுதானா மாஸ்டர்?"

"ரோஷத்தைக் கரைச்சு ஊத்திக்க முடியாதுடா, கொடு."

பெஞ்சு சிரித்தது. மாமா முழு உருண்டையையும் தின்று முடித்தார்.

கிளம்பும்போது அம்பொன்சா டூஃபியைத் தனியே அழைத்தார். "திங்கக்கிழமை ஆரம்பிச்சிருங்க. சமையல் உங்களுதாவே இருக்கட்டும். ஆனா பணிமனையில நின்னு பரிமாற அந்தப் பொண்ணை அனுப்புங்க."

"நான் வர்றதாத்தானே பேச்சு?"

"உங்க கை சட்டிக்குள்ள போனதைப் பார்த்தேன். திருப்பிக் கொட்டிட்டீங்க, சந்தோஷம். அவ கை போகவே இல்ல."

அவள் தலையசைத்தாள். அறுபது பேர். கடை அடுத்த வருஷமும் இருக்கும். இதற்காகத்தான் எல்லாம். மனதுக்குள் சந்தோஷத்தைத் தேடினாள், உரல் இடிக்கும் சத்தம்தான் கேட்டது.

கொனாடுவிடம் சொன்னபோது அவள் கண்ணை அகல விரித்தாள். "அண்ணி, அப்போ இங்க யாரு ஊத்துவா?"

"நான்தான்."

"உங்களால முடியுமா? மூஞ்சியப் பார்த்தா இளகிடுவீங்களே."

"பார்க்க மாட்டேன்."

திங்கட்கிழமை கொனாடு இரண்டு பெரிய சட்டிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு பணிமனைக்குப் போனாள். மதியம் பெஞ்சு நிறைந்தது. ஃபுஃபு பாதி இறங்கியதும் ஒரு கிண்ணம் நீண்டது. கூடவே ஒரு குரல்: "மகாராணி, ஒரு வாரமா உன் கை மணமே இல்லாம செத்துப்போயிட்டோம்."

நல்ல பொய்.

"ரெண்டு சிடி" என்றாள் டூஃபி, கிண்ணத்தை மட்டும் பார்த்து.