சாம்பல் கல்லும் ஈரத்துணியும்

உலகத்தின் காற்றைச் சுத்தம் செய்யும் பொறுப்பை எங்கள் அண்ணன் ஏற்றுக்கொண்டிருந்தார். அனல்மின் நிலையம் கழித்துப்போடும் சாம்பலில் சிமெண்டும் மணலும் கலந்து, சூளையே இல்லாமல் செங்கலுக்கு மாற்றாகக் கல் போட்டார். "புகை கிடையாது. இந்தப் பூமியே எனக்கு நன்றி சொல்லணும்" என்பார்.

சாம்பல் மூட்டையைப் பிரித்து இயந்திரத்தில் கொட்டுவது அண்ணி. பிரித்ததும் கொட்டகையே வெளுத்துவிடும். அதனால் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்வார்.

"ஏண்டி, கொள்ளையடிக்கவா போறே? கல்லு வாங்க வர்றவன் என்ன நினைப்பான்? அவுத்துப் போடு."

"இருமல் வருதுங்க."

"சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு போர்டே வச்சிருக்கேன். உனக்கு மட்டும் கெட்டதா?"

போர்டை எதிர்த்துப் பேச அண்ணிக்குத் தெரியவில்லை. கல் வாங்க ஆள் வரும்போதெல்லாம் துணியை அவிழ்த்தார். வியாபாரம் அமோகமாக நடந்ததால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

கடைசியில் அண்ணி ஆஸ்பத்திரியில் படுத்து, குழாய் வழியாகக் காற்று வாங்கினார். நுரையீரல் இனித் தேறாது என்றார் டாக்டர்.

மறுநாள் மூட்டை பிரிக்க ஆளில்லை. அண்ணன் கொடியில் கிடந்த அண்ணியின் துணியை நனைத்து, முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். வாசலில் லாரி வந்து நின்றது.

"முதலாளி எங்கப்பா?" என்று வந்தவர் அவரிடமே கேட்டார்.

அண்ணன் துணியை அவிழ்க்காமல் கையை மட்டும் தூக்கினார்.