பதினொன்றாவது வரி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கௌரவம். ஒரு படிவத்தின் பதினொன்றாவது வரியில் பிறந்தது: "அவசரத்தில் தெரிவிக்க வேண்டியவர் (ஒருவர் மட்டும்)." அங்கே என் மகள் தன் மாமியாரின் பெயரை எழுதியிருந்தாள்.

மகள் தொற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ். ஏழு நாள் வார்டில் வேலை. அதன்பின் பதினான்கு நாள், மருத்துவமனை எடுத்துக்கொண்ட ஒரு மாணவர் விடுதியில், தனி அறையில் இருக்க வேண்டும். சாப்பாடு கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் வரும். கொண்டுவந்தவர் படி இறங்கிய பிறகுதான் கதவைத் திறக்கலாம். வீட்டுக்கு வர அனுமதி இல்லை. பதினான்கு நாள் முடிந்ததும் மறுபடி வார்டு, மறுபடி புதுப் படிவம். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் காய்ச்சல் வந்து போய்விடும். ஆகவே அந்த வரி எனக்கு உரியது.

நான் முப்பத்தொரு வருடம் பதிவு அலுவலகத்தில் இருந்தவள், கடைசி ஒன்பது வருடம் கண்காணிப்பாளராக. வாயால் சொன்னதை நம்பாதே, படிவத்தில் எழுதியதை நம்பு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். எனவே இந்த வரியை நம்பாமலிருக்க எனக்கு வழியே இல்லை.

2

முதல் ஆரம்பம்: "ஓர் ஊரில் ஒரு கெட்ட மாமியார் இருந்தாள்."

[அடித்துவிட்டேன். கெட்டவள் என்று காட்ட ஒரு சம்பவம் வேண்டும். ஒரு மதியம் முழுக்க யோசித்ததில் கிடைத்தது ஒன்றுதான்: முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே போட்டுக்கொள்கிறாள்.]

இரண்டாவது ஆரம்பம்: "விடுதி குமாஸ்தாவின் கவனக்குறைவால் பெயர் மாறி..."

[இதில் நான்கு பக்கம் போனேன். குமாஸ்தா என் காலில் விழுகிற கட்டம் நன்றாகவே வந்தது. ஆனால் படிவத்தில் இருப்பது என் மகளின் கையெழுத்து. அந்த 'ழ'வின் சுழியைச் சரிசெய்ய ஆறு மாதம் பாடுபட்டவள் நான்.]

மூன்றாவது: "எட்டு வருடங்களுக்கு முன் இன்னொரு காய்ச்சல் பரவியபோது, பயிற்சி நர்ஸாக இருந்த மகள் பூட்டிய விடுதியிலிருந்து தாயை அழைத்து, 'அம்மா, நான் வந்துடட்டுமா?' என்றாள். தாய் சொன்னாள்: 'நம்ம குடும்பத்துல யாரும் பாதியில ஓடி வந்ததில்ல. போய் வேலையப் பாரு.'"

இதை அடிக்கவில்லை. நான் வாழ்க்கையில் சொன்னதிலேயே உயர்ந்த வாக்கியம் இது என்று நினைத்திருந்தேன். கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

3

சம்பந்தியம்மாவுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் ரேடியோ.* தையல் கடை வைத்திருக்கிறாள். இப்போது வார்டுக்கு அங்கிகள் தைக்கிறாள். மகள் விடுதிக்குப் போன எட்டாம் நாள் காலை என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"சம்பந்திம்மா! நெகட்டிவ்! நெகட்டிவ் வந்துடுச்சு!"

"தெரு முழுக்கக் கேக்குது. என்ன நெகட்டிவ்?"

"நம்ம பொண்ணுக்குத்தான். முந்தாநேத்து நூத்திரெண்டு டிகிரி. ஐயோ... உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"எனக்கு எப்படித் தெரியாம இருக்கும்?"

"ஃபோன் எனக்குத்தானே வந்துச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் சொல்லாதீங்க அத்தைன்னா. எங்கம்மா பாவம்னா."

"பாவம்னா சொன்னா?"

"இல்ல, அந்தப் பாவம் நான் போட்டது."

நான் நம்பவில்லை என்று நினைத்தோ என்னவோ, தொலைபேசியில் படிவத்தின் படத்தைத் திறந்து கேட்டின் கம்பிகளுக்கிடையே நீட்டினாள். பதினொன்றாவது வரி. பிறகு அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில்தான். கவசம் நனைந்து இன்னும் கீழே இறங்கியது. இரண்டு நாள் என் மகள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். அந்த இரண்டு நாளும் நான் அலமாரிக்குப் புதுக் காகிதம் விரித்துக்கொண்டிருந்தேன்.

"மூக்க மூடுங்க" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

* இதை அவள் படிக்க நேர்ந்தால்: மரியாதையாகச் சொன்னதுதான். எங்கள் வீட்டு ரேடியோ நல்ல கம்பெனி.

4

பத்தாம் நாள் கதையின் தாய்ப் பாத்திரத்தை விடுதிக்கு அனுப்பினேன். [பாத்திரமாவது! நான்தான் போனேன்.] மகள் கேட்காத இரண்டு சோப்பும் ஒரு துண்டும் பையில் இருந்தன. விடுதிக்கு எதிரே நடைபாதையில் ரேடியோ நின்றிருந்தாள். பாதி தைத்த அங்கியின் ஒற்றைக் கையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடியைப் பார்த்து ஆட்டினாள். "கை நீளமா இருக்காடி? இதுல ரெண்டு பேர் நுழையலாம் போலிருக்கே!" என்று தொலைபேசியில் கத்தினாள். தொலைபேசியே தேவைப்பட்டிருக்காது.

சன்னலில் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் சற்று உள்வாங்கியிருக்கும். நன்றாகச் சிரித்தால் மட்டும் தெரியும். அத்தனை தூரத்திலிருந்து அது கண்ணில் பட வாய்ப்பில்லை. பார்த்தேன் என்றுதான் எழுதுவேன்.

என் தொலைபேசி அழைப்புகளில் அவள், "நல்லாயிருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, வெச்சிடறேன்மா" என்பாள். மூன்றும் ஒரே மூச்சில்.

காவலாளியிடம் பையைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். கதையில் இந்த இடத்தில் "சன்னல் சாத்தியிருந்தது" என்று எழுதி, இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன். வாசகரிடம் பொய் சொல்வது எனக்குக் கஷ்டமாக இல்லை. சோப்பு இன்னும் மேசைமேல் இருக்கிறது, அதுதான் கஷ்டம்.

5

நேற்று மகள் கூப்பிட்டாள்.

"அந்த ஃபாரத்தப் பத்திக் கேக்கத்தானேம்மா இவ்வளவு நேரமா இருமறே?"

"நான் இருமல. தொண்டையச் செருமினேன்."

"மெதுவாச் செருமு. பக்கத்து ரூம்ல பயந்துடப் போறாங்க."

"ஏன் அவங்க பேரு?"

 அவள் கதவுக்கு வெளியே நாற்காலியில் தட்டு வைக்கும் ஓசை கேட்டது.

"அத்தை நான் ஹலோ சொல்றதுக்குள்ள அழுதுடுவாங்கம்மா. அவங்களத் தேத்துறதுலயே எனக்குக் காய்ச்சல் மறந்துபோயிடும். உன்கிட்ட சொன்னா, அப்பவும் நான் நல்ல நர்ஸா இருக்கணும்."

"அது தப்பா?"

"தப்பில்ல. நூத்திரெண்டு டிகிரியில முடியல, அவ்வளவுதான்."

பிறகு, தட்டை எடுக்கப் போனவள் திரும்பி வந்து சொன்னாள்: "அன்னிக்கு ட்ரெய்னிங்ல இருந்து கூப்பிட்டப்ப, நீ வான்னு சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேம்மா. சொல்றியான்னு பாத்தேன்."

இந்த இடத்தில் தாய் கதாபாத்திரம் ஏதாவது சொல்ல வேண்டும். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்க மறுக்கிறாள். பிடிவாதக்காரி. என்னால் அவளை நம்ப முடிகிறது, பிடிக்கத்தான் இல்லை.

6

இன்று மதியம் வந்த செய்தி: "நாளைக்கு மறுபடி வார்டு. புது ஃபாரம் நாலு மணிக்குள்ள குடுக்கணும். பதினோராவது வரி இன்னும் எழுதல. எனக்குக் காய்ச்சல்னு உனக்கு ஃபோன் வந்து நீ என்னைக் கூப்பிட்டா, முதல்ல என்ன சொல்லுவே?"

முடிவு அ: "தைரியமாக இரு." [அடித்தேன். சுற்றறிக்கை.]

முடிவு ஆ: "உன் மாமியார் பெயரையே எழுது. எனக்கு ஒன்றும் இல்லை." [அடிப்பதற்கு முன் மூன்று முறை படித்தேன். முதுகை நேராக வைத்துக்கொண்டே அனுப்பக்கூடிய பதில். அனுப்பினால் இன்னும் இருபத்தொரு நாள், என் மகள் எப்படி இருக்கிறாள் என்று ரேடியோவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.]

முடிவு இ: "வா."

[அடிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. அவளால் வர முடியாது. விதி விடாது, விட்டாலும் அவள் வர மாட்டாள். நடக்காது என்று தெரிந்த ஒன்றைச் சொல்லி நான் கையெழுத்திட்டதில்லை. ரேடியோவாக இருந்தால் இந்நேரம் பத்து முறை சொல்லி, பத்து முறை அழுது, கடையையும் திறந்திருப்பாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.]

மணி மூன்று நாற்பது. தொலைபேசித் திரையில் அந்த ஒற்றை எழுத்து நிற்கிறது. திரை அணைந்துவிடாதபடி விரலால் தொட்டுத் தொட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட கதைகளை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வாசகரிடம் திரும்பி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நான் கேட்க மாட்டேன். வீட்டு விஷயத்தில் வெளியாரிடம் யோசனை கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஆனால் யாராவது தாமாகச் சொன்னால், காது கேட்காதவள்போல இருந்துவிட மாட்டேன். மூன்று நாற்பத்திரண்டு.