பழுது விவரம்

நாற்காலியைத் தள்ளுவண்டியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் கட்டிக்கொண்டே, ஸ்டோர் அக்கா பக்கத்தில் நின்ற ஆய்வாளர் பெண்ணிடம் சாவகாசமாகக் கேட்டாள். "ஆமா, இத்தனை பேர் கூடி உக்காந்து விசாரிக்கிற அளவுக்கு இது என்ன தப்பு பண்ணிச்சு?"

மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு மேல்மாடியில் குழு கூடுகிறது. அருங்காட்சியகத்தில் அவளுக்கு நிரந்தர ஆய்வாளர் வேலையா, இல்லை இன்னொரு பதினோரு மாத ஒப்பந்தமா என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். காலையிலிருந்து மூன்று டீ குடித்தும் நாக்கு உலர்ந்துதான் கிடந்தது. யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்ததால், நாற்காலியின் அடியிலிருந்த நான்கு திருகாணிகளைக் காட்டி ஆசை ஆசையாக விளக்கினாள். எண்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டறை செய்த முதல் நாற்காலி இது என்றுதான் இத்தனை காலமும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் திருகாணித் தலையில் கூட்டல் குறி இருக்கிறது. பட்டறையின் கடிதங்களை ஒன்று விடாமல் படித்துவிட்டாள். கூட்டல் குறித் திருகாணி அவர்கள் கைக்கு வந்தது பதினைந்து வருடம் கழித்து. அதுவரை எல்லாம் ஒற்றைக் கோடு போட்டதுதான். ஆகவே இது முதல் நாற்காலி இல்லை, பின்னால் வந்த நகல் என்று அறிக்கை எழுதியிருக்கிறாள். குழு ஒப்புக்கொண்டால் அடுத்த மாதமே இது காட்சிக்கூடத்திலிருந்து கேன்டீனுக்குப் போய்விடும்.

அக்கா கயிற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

"இந்த ஸ்க்ரூவா? இதை நான்தானே மாத்துனேன்."

சொன்ன விதம் என்னவோ பல்பு மாற்றியதைச் சொல்வதுபோல இருந்தது.

"எப்போக்கா?"

"இருக்கும் பதிமூணு வருஷம். யாரோ பெரிய மனுஷங்க பாக்க வராங்கன்னு ஒரே அமர்க்களம். இது ஆடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு ஸ்க்ரூ தலை தேஞ்சு போச்சு, ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. கடையில நாலு வாங்கிப் போட்டேன். நீளம் கொஞ்சம் கம்மியாதான் கிடைச்சுது."

"கார்டுல எழுதலையே நீங்க."

"எழுதினா அனுமதி வாங்கணும். அனுமதி வர மூணு மாசம். அவங்களுக்கு அன்னைக்கு சாயங்காலமே வேணும்னாங்க. நான் என்ன பண்றது?"

அக்கா உள்ளே போய், பழைய ஃபிலிம் சுருள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். குலுக்கினால் சத்தம் வந்தது. அருங்காட்சியகத்தில் எதையும் தூக்கிப் போடக்கூடாது என்பது விதி. மற்ற விதிகளை எப்படி வைத்திருந்தாளோ, அந்த ஒன்றை அக்கா கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியிருந்தாள். உள்ளே நான்கு திருகாணிகள், ஒற்றைக் கோடு போட்டவை.

அவளுக்கு அக்காமேல் கோபம் வந்தது. அதைவிடத் தன்மேல் வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள அட்டையில் 'பழுது விவரம்' என்று ஒரு கட்டம் உண்டு. இந்த நாற்காலியின் அட்டையில் அது காலியாக இருந்தது. காலியாக இருந்தால் எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாள். படித்தவர்களுக்கென்றே வாய்த்த முட்டாள்தனம் அது. பக்கத்து அறையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவே இல்லை.

வடிவமைப்பு வரலாறு படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில், துணியா கட்டடமா என்று கேட்டார் சித்தப்பா. தம்பி அன்றைக்கு வைத்த பெயர்தான் நாற்காலி டாக்டர். படிப்பு முடிந்ததும் இதே வாசலில் டிக்கெட் கிழித்தாள், பிறகு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றினாள், பொருள்களைப் படம் பிடித்தாள், கடைசியில் ஒப்பந்தத்தில் ஆய்வாளர் ஆனாள். ஆறு வருடத்தில் ஆறு அடையாள அட்டை, ஒவ்வொன்றிலும் காலாவதி தேதி. இன்று காலைகூட அம்மா போனில், "இன்னைக்காவது நல்ல சேதி சொல்லுடி, எனக்கு ஆளுங்களுக்குப் பதில் சொல்லி மாளல" என்றாள்.

"சொல்லப் போறியா?" என்றாள் அக்கா. இப்போது குரல் இறங்கியிருந்தது. "சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனா என்னை மாட்டி விட்டுடாதே. போன வருஷம் ஒரு பொட்டியில பசை தடவினதுக்கே ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு."

அவள் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இருவரும் நாற்காலியோடு லிஃப்டில் ஏறினார்கள்.

கூட்ட அறையில் எல்லாம் அவளுக்குச் சாதகமாகவே நடந்தது. அதுதான் கொடுமை. வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியை அறிக்கையை மெச்சினார். "எல்லாரும் மேல பாப்பாங்க, நீங்க கவுத்துப் போட்டுப் பாத்திருக்கீங்க" என்றார். அருங்காட்சியக இயக்குநர் ஏதோ தானே கவிழ்த்ததுபோலச் சிரித்தார். அக்கா கதவோரம் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நாற்காலி மேஜைமேல் நான்கு காலையும் தூக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு 'நன்றி' சொல்லி உட்கார்ந்தால் போதும், அம்மாவுக்குப் போன் போட்டுவிடலாம். அந்த 'நன்றி' தொண்டை வரை வந்தும்விட்டது.

"வேற ஏதாவது சேக்கணுமா?" என்றார் இயக்குநர்.

"அறிக்கை தப்பு சார்."

டப்பாவைத் திறந்து மேஜைமேல் கொட்டினாள். இந்த நாற்காலியில் முதலில் இருந்தவை இவைதான், பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றாள்.

இயக்குநரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "இது எங்கேருந்து வந்துச்சு? யார் குடுத்தா?"

வந்த இடம் தெரியாத பொருள் ஆதாரமே ஆகாது. அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த பாடம் அது. கதவுப் பக்கம் பார்க்கக்கூடாது என்று கழுத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணை மாட்டிப் பாத்துடலாமா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் பேராசிரியை, "பாக்கலாமே" என்றார்.

தள்ளுவண்டியில் கிடந்த திருப்புளிகளை எடுத்து, புதுத் திருகாணி ஒன்றைக் கழற்றினாள். அதன் தலை இருந்த இடத்தைச் சுற்றி, அதைவிடப் பெரிய வட்டமாக ஒரு பழைய கறை தெரிந்தது. தேயாத தலையாகப் பார்த்து ஒன்றை எடுத்துத் துளையில் வைத்துத் திருகினாள். பிடிக்கவில்லை. மறுபடி வைத்தாள். சாய்ந்துகொண்டு விழுந்தது. கை வேர்த்து திருப்புளி வழுக்கியது. யாரோ தன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல" என்றார் இயக்குநர்.

கதவோரமிருந்து செருப்புச் சத்தம் நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றது. அக்கா நாற்காலியின் இடது காலைப் பிடித்து, தன் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு அழுத்தினாள்.

"இப்படி அழுத்திப் பிடிக்கணும் மேடம். அன்னைக்கும் இப்படித்தான் அடம் பிடிச்சுது." யாரையும் பார்க்காமல், நாற்காலியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

திருகாணி மரத்தைக் கவ்வியது. அவள் திருகினாள். புதியது நின்ற ஆழத்தைத் தாண்டி, உள்ளே அதற்கென்றே விட்டு வைத்திருந்த இடத்துக்குள் அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒற்றைக் கோடு மரத்தோடு மட்டமாக நின்றது. அக்கா கையை எடுக்கவில்லை. மேஜைமேல் பழைய திருகாணிகள் இன்னும் மூன்று கிடந்தன.