சத்யப்ரியா கேட்ட டிரில்

சத்யப்ரியா எலும்பு முறிவுப் பிரிவில் இரண்டாம் வருஷ பிஜி மாணவி. ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்கு எப்போதும் நோயாளியின் காலைத் தூக்கிப் பிடிக்கும் வேலைதான். அதனால் பெரிய காஞ்சிபுரத்து மண்டபத்தில் நடக்கவிருந்த பயிற்சிக்காகக் காத்திருந்தாள். பிளாஸ்டிக் எலும்பில் துளை போட்டு, பிளேட் வைத்து, ஸ்க்ரூ முடுக்கிப் பழகலாம்.

வாசலிலேயே துறைத் தலைவர் தேவேந்திரன் மடக்கினார். "பட்டுப்புடவை கட்டிக்கினு வரலையாம்மா? விருந்தாளிங்களுக்குச் சால்வைத் தட்டு யாரு ஏந்துறது?"

"நான் பழக வந்திருக்கேன் சார்."

"பசங்க பழகட்டும். இதுக்கெல்லாம் தோள்ல பலம் வேணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை ஏந்தினாள். பேச்சுகள் முடியவே மதியமாகிவிட்டது. பிறகு பிளாஸ்டிக் எலும்புகள் வைத்திருந்த மேசையை ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முதல் வருஷத்துக்காரர்கள்கூட துளை போட்டார்கள். டிரில் அவள் பக்கம் வரவேயில்லை.

"டீ சொல்லிட்டு வாம்மா," என்றார் தேவேந்திரன்.

இன்னும் கையிலிருந்த காலிச் சால்வைத் தட்டை ஓங்கி மேசைமேல் வைத்தாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"பிரேம், டிரில்லைக் குடு."

கூடப் படிக்கும் பிரேம்நாத் தேவேந்திரனைப் பார்த்தான். தயங்கித் தயங்கிக் கொடுத்தான்.

கோபத்தில் வேகமாக அழுத்தினாள். டிரில் முனை எலும்பின் மறுபக்கத்தையும் தாண்டி மேசை விரிப்பில் இறங்கியது.

தேவேந்திரன் சிரித்தார். "பார்த்தியா? ஆளோட காலா இருந்தா ரத்தக்குழாய் போயிருக்கும்."

"ஆமா சார். இங்க தொட விடாம பாஸாக்கி அனுப்பினா, முதல் தப்பை ஆளோட கால்லதான் செய்வேன். அது உங்க வீட்டு ஆளோட காலா இருந்தா பரவாயில்லையா?"

அவர் முகம் கறுத்து வெளியேறினார். அவள் மறுபடி துளை போட்டாள், அதுவும் ஆழமாகப் போனது. அதற்கடுத்ததில் எலும்பு விட்டுக்கொடுத்த கணம் கைக்குத் தெரிந்தது. சட்டென்று நிறுத்தினாள். மேசைகளை மடக்க ஆட்கள் வரும்வரை அவள் நகரவில்லை.

திங்கட்கிழமை அவளை மாவுக்கட்டு அறைக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். நேராகத் தியேட்டருக்குப் போனாள்.

"யாரு உன்னை வரச் சொன்னது?" என்றார் தேவேந்திரன்.

"ஸ்க்ரூ போட வந்திருக்கேன் சார். பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க. பொம்பளைக்கு முடியாதுன்னா அதை டீன் முன்னாடி வந்து சொல்லுங்க."

மயக்க மருந்து டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தேவேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கை கழுவிட்டு வா," என்றார்.

ஒரே ஒரு ஸ்க்ரூ போட விட்டார். சரியாகத்தான் இறங்கியது. அவள் கோபம் மட்டும் இறங்கவில்லை. அடுத்த நோயாளியை உள்ளே கொண்டுவந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள்.