ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்த காற்று

மேஸ்திரியின் வீட்டைத் தூக்கிப்போன சுழல்காற்று அதன்பின் ஊரைவிட்டுப் போகவில்லை. ரயில் பாதைக்கு அப்பால் இருந்த காலி நிலத்தில், ஏழு மாடி உயரத்துக்குச் சுழன்றபடி பத்தொன்பது வருஷம் நின்றது. முதல் வருஷம் கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு அதன் பக்கத்தில் துணி காயப்போட்டார்கள், சீக்கிரம் உலர்ந்தது.

காற்று அடித்த மறுநாள் வந்த மதிப்பீட்டாளர் மனசாட்சி உள்ள மனிதர்தான். ஆனால் அந்தக் காலத்து முறை அப்படி: காற்றை யாரும் அளப்பதில்லை, அது உடைத்ததைப் பார்த்து அதற்கு எண் போடுவார்கள். சுவர் சரிந்தால் மூன்று, வீடே துடைத்தெறியப்பட்டிருந்தால் ஐந்து. அதே காற்று வெறும் வயலில் அடித்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பார். மேஸ்திரி தன் கையால் கட்டிய மரவீடு இருந்த இடத்தில் தளம் மட்டும் கிடந்தது. ஐந்து என்று எழுதிவிட்டுப் போனார். உள்ளே இருந்து இறந்துபோன மகளுக்கு எட்டு வயது, மூன்றடி எட்டு அங்குல உயரம். ஐந்துக்கு முன்னால் எந்த வீடு நிற்கும் என்று ஊரே ஆறுதல் சொன்னது. மேஸ்திரியின் மனைவி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள். மேஸ்திரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாவி மனிதர், இத்தனை வருஷம் எப்படித்தான் சோறு இறங்கியதோ.

பத்தொன்பதாம் வருஷம், பழைய எண்களைச் சரிபார்க்க ஒரு பெண் பொறியாளர் வந்தாள். எது உடைந்தது என்பதோடு, அது எப்படிக் கட்டப்பட்டது என்றும் கேட்கிற புது முறை அவளுடையது. தளத்தின் ஓரத்தில் முட்டிபோட்டு, சுவரை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தேடினாள். பன்னிரண்டு துளைகள் இருந்தன. போல்ட் மாட்டியதற்கான துருகூட ஒன்றிலும் இல்லை. இந்த வீட்டைப் பெயர்க்க இரண்டாம் எண் காற்றே போதும் என்று, ஐந்தை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள். காற்றும் எழுதிய எண்ணுக்குக் கட்டுப்பட்டு, அந்த மதியமே உயரம் குறைய ஆரம்பித்தது.

மாலையில் மேஸ்திரி மனைவியின் எதிரில் உட்கார்ந்தார்.

"போல்ட் வந்து சேரலை. இப்போதைக்கு ஆணி போதும், அடுத்த வாரம் மாட்டிக்கலாம்னு குடி வந்துட்டேன்."

அவள் கேட்டாள்: "அப்போ காத்து இல்லையா?"

"காத்துதான். ஆனா போல்ட் மாட்டியிருந்தா வீடு நின்னிருக்கும்."

மறுநாள் காலை காற்று மூன்றடி எட்டு அங்குலத்துக்கு வந்துவிட்டிருந்தது. வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் தெருவோடு வந்து, அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் வாசலில் நின்றது. மேஸ்திரி கதவைச் சாத்தப் போனார்.

"விடுங்க. அது தப்பு பண்ணலை," என்றாள்.

அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். காற்று உள்ளே வந்து சன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டது. வீடு கூட்டும்போது கொஞ்சம் நகரச் சொல்கிறாள். நகர்கிறது.