ஆட்டுக்குக் கிடைத்தது, மெய்யநாதனுக்குக் கிடைக்கவில்லை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. "இந்த வருடத் தொலைக்காட்சி நகைச்சுவை விருதுகளுக்கு யார் யாரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள், யாரை விட்டுவிட்டார்கள், உங்கள் கருத்து என்ன?" என்று ஒரு வார இதழில் கட்டுரை கேட்டார்கள். குடும்பக் காதல் கதை எழுதுகிறவளிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன்:

"நகைச்சுவை என்பது சமூகத்தின் கண்ணா—"

கண்ணாடி என்று முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. மறுபடி:

"பாதி நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நடக்கும் ஒரு தொடர் நகைச்சுவைப் பிரிவுக்குள் எப்படி வந்தது? வாரம் தவறாமல் யாராவது மயங்கி விழுகிறார்கள் என்பதாலா?"

இது பரவாயில்லை. ஆனால் கேள்விக்குறி போடும்போதே, காரைக்குடியில் ஒரு சமையலறையில் ஒரு பெண் கோபமாகக் கத்தரிக்காய் நறுக்குவது எனக்குக் கேட்டுவிட்டது. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

அவள் சத்தியப்பிரியா. சிங்கம்புணரிக்காரி. 'ஒரு வீடு ரெண்டு அடுப்பு' என்ற நகைச்சுவைத் தொடரில் மனைவியாக நடிக்கிறாள். கணவனாக நடிக்கும் மெய்யநாதன் நிஜத்திலும் அவள் கணவன்தான். குடியிருப்பது காரைக்குடியில்; படப்பிடிப்பு கண்டரமாணிக்கத்தில் ஒரு பெரிய வீட்டில்.

இந்தப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில், கல்யாணமான பிள்ளையை அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தச் சொல்வார்கள். 'வேறு வைப்பது' என்று பெயர். தொடரில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு, ஒருவரை விட்டு ஒருவர் வேறு வைத்துக்கொள்கிறார்கள். அவள் பொரிந்து தள்ளுவாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு "ம்" என்பான். ஊரே சிரிக்கும்.*

பரிந்துரைப் பட்டியல் வந்த காலையில் அவள் பெயர் அதில் இருந்தது. மாமியாராக நடிப்பவர் பெயர், கொழுந்தனாக நடிப்பவன் பெயர், எல்லாம் இருந்தன. மெய்யநாதன் மேலிருந்து கீழே பார்த்தான், கீழிருந்து மேலே பார்த்தான்.

"ஆட்டுக்குக் குடுத்துருக்காய்ங்க, பிரியா," என்றான். "சிறந்த புதுமுகமாம்."

தொடரில் ஓர் ஆடு வரும். அவனுடைய சட்டையைத் தின்னும். சத்தியப்பிரியா ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"அது நல்லாத்தானேங்க நடிச்சிச்சு."

(இந்த வரியை மாற்றிப் பார்த்தேன். "ஒங்களுக்குக் குடுக்காதது அநியாயம்ங்க" என்று எழுதினால் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. தவிர, அவள் அப்படிச் சொல்லுகிற ஆளே இல்லை.)

மெய்யநாதன் எழுந்தான். கரண்ட் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தான்.

"அடுப்பத் தூக்கிக்கிட்டு எங்க போறீக?"

"நான் வேறு வச்சுக்கிர்றேன்."

"இதென்ன சூட்டிங்கா? கேமரா எங்குட்டு இருக்கு?"

'ம்' கூட இல்லை. அவள் கத்தரிக்காயை எடுத்து வைத்துக்கொண்டாள்.

* சின்னத் திரையில் சிரிப்பு யாருடையது என்று பிரிப்பது, ஒரு சட்டிக் குழம்பில் புளி யார் போட்டது, உப்பு யார் போட்டது என்று பிரிப்பதைப் போல. விருதுக் குழுவினர் பிரிக்கிறார்கள். கரண்டியோடு.

3

ஒரு விருதுக்காக அடுப்பைத் தூக்குகிற ஆணை என் வாசகிகள் மன்னிப்பார்களா? என் வழக்கமான கதாநாயகன் மழையில் குடை பிடிப்பான். இவன் பின்கட்டில் உப்பில்லாத உப்புமா கிண்டுகிறான். இவனை மாற்றிவிட்டு, நெற்றியில் முடி விழும் ஒருவனை—

வேண்டாம். இவனே இருக்கட்டும்.

படப்பிடிப்பில்தான் விஷயம் முற்றியது. அவள் வசனம் முடிவதற்குள் "ம்" என்றான். விளக்குப் பிடிக்கிறவர்கூடச் சிரிக்கவில்லை. "இன்னொருக்கா," என்றார் இயக்குநர் வேல்பாண்டி. மறுபடியும் முந்திக்கொண்டான். தொட்டால் பற்றிக்கொள்ளும் வசனம். நனைந்த தீக்குச்சியாகக் கிடந்தது. இத்தனை நாள் அந்தச் சிரிப்பு தன்னுடையது என்றல்லவா சத்தியப்பிரியா நினைத்திருந்தாள்? இந்த மனுஷன் இப்படியே அங்குட்டே இருந்துவிட்டால், விருதும் வீடும் எதற்கு?

உதவி இயக்குநர் சதீஷ்குமார் அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, அண்ணன் பேரு பட்டியல்ல வராமப் போனது அண்ணனாலதான். விருதுக்கு ஆளுக்கொரு சீன் அனுப்பணும்ல? எல்லாரும் அவுகவுக மூஞ்சி தெரியிற சீனாப் பொறுக்கிக் குடுத்தாக. அண்ணன் குடுத்ததப் பாருங்க."

செல்போனை நீட்டினான். அவள் வெந்நீர்ப் பானையோடு சண்டை போடும் காட்சி. திரை முழுக்க அவள்தான். மெய்யநாதனுடைய பிடரி மட்டும் ஓரத்தில் தெரிந்தது. கடைசிவரை பிடரிதான். தோள் லேசாகக் குலுங்கியது.

"அன்னைக்கு அவரால சிரிப்ப அடக்க முடியலக்கா. அதான் திருப்பி நிக்க வச்சோம். 'இதையாண்ணே அனுப்புறீக?'ன்னேன். 'இதுலதான்டா அவ பிரமாதமாப் பண்ணிருக்கா'ங்குறாரு. 'ஒங்க சீனக் கேட்டா அக்கா சீனக் குடுக்குறீகளே'ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாக?"

"ம்னாரு."

4

முடிவுகள் சில கைவசம் உண்டு.

அவள் விருது வாங்கி, மேடையில் அழுது, அவனைக் கூப்பிடுகிறாள். (ஆஸ்பத்திரித் தொடர்க்காரர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.)

ஆடு ஜெயிக்கிறது. கயிற்றைப் பிடித்து மேடையேற்ற ஆள் வேண்டும். மெய்யநாதன் போகிறான். அது பூங்கொத்தைத் தின்—

எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் சத்தியப்பிரியா என்னைக் கேட்காமலேயே பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

5

அவன் முதுகைக் காட்டி உப்புமா கிண்டிக்கொண்டிருந்தான். அவள் நிலைப்படியில் சாய்ந்தாள்.

"ஒங்க பொடனியப் பாத்தேன்."

கரண்டி ஓடியது.

"என்ன பொடனி! என்ன நடிப்பு! ஆடாவது மூஞ்சியக் காட்டிச்சு. ஏங்க, புருசன் சீனு கேட்டா பொண்டாட்டி சீன எந்த மடையனாச்சும் குடுப்பானா? இந்த லச்சணத்துல கோவம் வேற, அடுப்பு வேற. உப்பாச்சும் போட்டீகளா? விருது விழாவுக்கு நான் சென்னைக்கு ஒத்தையில போக மாட்டேன், சொல்லிட்டேன். அங்க மைக்கக் குடுத்து, நான் பாட்டுக்கு எதையாச்சும் ஒளறிட்டு நின்னா, யாரு இருக்கா எனக்கு?"

கரண்டி நின்றது. அவன் திரும்பவில்லை.

நானும் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். விருது யாருக்கு என்று சொல்லப்போவதில்லை. கட்டுரை கேட்டவர்களுக்கு என் கருத்து இதுதான்: சிரிப்பு வரும்வரை வாயை மூடி நிற்கிறவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு பிரிவு இல்லை.

அடுத்த சொல் அவனுடையது, ஒரே எழுத்து. முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்தீர்கள். அதனால் நான் எழுதவில்லை. அவள் நிலைப்படியில் நிற்கிறாள். கொஞ்சம் பொறுங்கள். இன்னும் கொஞ்சம். அவன் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியான நேரம் என்று தோன்றும்போது, அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.